ஆயிரம் பேரைக் கொல்லாமல்...

'ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்' என்று நம் ஊரில் ஒரு பழமொழி. 'அது பேரை இல்லை ஸார், வேரை! ஆயிரம் மூலிகை வேர்களைப் பிடுங்கிப் பார்த்தவன்தான் பாதி வைத்தியன் ஆகிறான்' என்று தமிழய்யாக்கள் உடனே திருத்துவார்கள். திருத்தம் நியாயமானதுதான். ஆனால், வைத்திய சரித்திரத்தைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்தால், திருத்தாத பழமொழியிலும் ஒரு சங்கடமான உண்மை ஒளிந்திருப்பது தெரியும். எந்த டாக்டரும் தன் முதல் ஊசியை யாரோ ஒரு நோயாளியின் உடம்பில்தான் குத்தியாக வேண்டும். அந்த 'யாரோ ஒருவர்' நீங்களாகவும் இருக்கலாம்!

மயக்க மருந்து டாக்டர் விஷயத்தில் இது இன்னும் விவகாரமானது. ஆபரேஷன் என்றால் 'சர்ஜன் யாரு? கைராசிக்காரரா?' என்று நாலு பேரிடம் விசாரிக்கிறோம். முதல் நாள் சாயங்காலம் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து, 'பல்லு ஏதாச்சும் ஆடுதா? ஆஸ்துமா உண்டா? முன்னாடி எப்பவாவது மயக்க மருந்து குடுத்திருக்காங்களா?' என்று கேட்டுவிட்டுப் போகிறாரே ஒருவர், அவர் பெயரை நம்மில் எத்தனை பேர் கேட்டு வைத்துக் கொள்கிறோம்? மறுநாள் காலை, நம் மூச்சை வாங்கித் தன் கையில் வைத்திருக்கப் போகிறவர் அவர்தான்!

அவர் பரீட்சையில் பாஸ் பண்ணியவர். அதில் சந்தேகமில்லை. ஆனால், என்ன பரீட்சை? 'ஆபரேஷனுக்கு நடுவில் நோயாளியின் ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைந்தால் என்ன செய்வாய்?' என்று பேப்பரில் கேள்வி வரும். பத்து பாயின்ட் எழுதினால் பத்து மார்க். யோசித்து எழுத இருபது நிமிஷம்! நிஜத்தில், ஆக்ஸிஜன் போகாவிட்டால் நாலைந்து நிமிஷத்தில் மூளை பாதிக்கப்பட ஆரம்பித்துவிடும். விடை தெரிந்திருப்பது வேறு. எல்லா அலாரமும் ஒரே நேரத்தில் அலறும்போது அந்த விடையைச் செய்து காட்டுவது வேறு.

இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை எப்படி அளப்பது? மருத்துவ உலகம் இதற்குப் பட்ட பாடுதான் இந்த வாரக் கதை.

* * *

கதையின் முதல் காட்சியே ஒரு பரீட்சைதான். அதில் ஒருவர் ஃபெயில்!

அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டு நகரத்துப் பல் டாக்டர் ஹொரேஸ் வெல்ஸ். 1844 டிசம்பரில், 'சிரிப்பு வாயு' எனப்படும் நைட்ரஸ் ஆக்ஸைடை முகர வைத்து வேடிக்கை காட்டும் ஒரு நிகழ்ச்சிக்குப் போனார். வாயுவை முகர்ந்த ஒருவர் எதிலோ மோதிக் காலில் அடிபட்டுக் கொண்டார். ஆனால் வலியே தெரியவில்லை. வெல்ஸுக்குப் பொறி தட்டியது. மறுநாளே, வாயுவை முகர்ந்துவிட்டுத் தன்னுடைய பல்லையே பிடுங்கச் சொன்னார். வலிக்கவில்லை! அப்புறம் ஊரில் பல பேருக்கு அதே முறையில் பல் பிடுங்கினார். ஜெயம்தான்.

1845 ஜனவரியில் பாஸ்டன் நகரத்தில், டாக்டர்களும் மாணவர்களும் கூடிய சபையில் அதைச் செய்து காட்டப் போனார். வாயு போதுமான அளவு ஏறுவதற்குள் பையை எடுத்துவிட்டார்கள். பல்லைப் பிடுங்கும்போது நோயாளி சத்தம் போட்டார். கூட்டம் 'ஏமாற்று வேலை' என்று கேலி செய்தது. தலைகுனிந்து ஊர் திரும்பினார் வெல்ஸ்.

கவனியுங்கள்... அவருக்கு வித்தை தெரியாமல் இல்லை. அன்றைக்கு, அந்த நிமிஷத்தில், அத்தனை கண்களுக்கு முன்னால் நடக்கவில்லை. அவ்வளவுதான்!

அடுத்த வருஷம், 1846 அக்டோபர் 16. அதே பாஸ்டன். வெல்ஸின் பழைய மாணவரும் கூட்டாளியுமான வில்லியம் மார்ட்டன், மாஸசூஸெட்ஸ் ஜெனரல் ஆஸ்பத்திரியில் ஈதர் கொடுத்து ஒரு நோயாளியை மயக்க, ஜான் காலின்ஸ் வாரன் என்கிற சர்ஜன் கழுத்துக் கட்டியை அறுத்தார். நோயாளி கத்தவில்லை. மார்ட்டன் பாஸ்! உலகம் அந்த நாளை இன்றும் 'ஈதர் தினம்' என்று கொண்டாடுகிறது.

தோற்றுப் போன வெல்ஸோ மனசு உடைந்து, குளோரோஃபார்ம் பழக்கத்துக்கு அடிமையாகி, 1848 ஜனவரி 24-ம் தேதி நியூயார்க் சிறையில் தன் உயிரைத் தானே மாய்த்துக் கொண்டார். சரியாக நாலு நாள் கழித்து, ஜனவரி 28-ம் தேதி, இங்கிலாந்தில் நியூகாஸில் அருகே ஹன்னா கிரீனர் என்கிற 15 வயசுப் பெண்ணுக்குக் கால் விரல் நகத்தை எடுப்பதற்காகக் குளோரோஃபார்ம் கொடுத்தார்கள். நகத்தை எடுக்கிற வேலை! சில நிமிஷங்களில் முகம் வெளுத்தது. பதறிப்போய் வாயில் பிராந்தி ஊற்றிப் பார்த்தார்கள். பயனில்லை. குளோரோஃபார்மால் நேர்ந்ததாகப் பதிவான முதல் மரணம் அது. மயக்க மருந்து வலியைத் துரத்தும், கை தவறினால் உயிரையும் துரத்தும் என்று உலகம் புரிந்து கொண்டது.

* * *

இப்போது ஒரு பரீட்சை அதிகாரியின் தலைவலியை யோசித்துப் பாருங்கள். 'மாலிக்னன்ட் ஹைப்பர்தெர்மியா' என்று ஒரு ஆபத்து உண்டு. சில மயக்க மருந்துகள் சில பேருடைய உடம்புக்குப் பரம்பரைக் காரணத்தால் ஒத்துக்கொள்ளாமல், தசைகள் விறைத்து, உடம்பு அனலாய்க் கொதிக்க ஆரம்பிக்கும். 'டான்ட்ரோலீன்' மருந்தை உடனே கொடுத்தால் பிழைக்கலாம். முப்பது வருஷம் வேலை பார்த்து, ஒரு தடவைகூட இதைச் சந்திக்காமல் ரிட்டயர் ஆகிற டாக்டர்கள் உண்டு. அப்படியானால், 'இவர் இதைச் சமாளிப்பாரா?' என்று எப்படித் தெரிந்து கொள்வது? நோயாளிக்கு வேண்டுமென்றே வரவழைத்துப் பார்க்க முடியாதே!

இதே தலைவலி இன்னொரு தொழிலிலும் இருந்தது. விமானம் ஓட்டுவது.

நியூயார்க் மாநிலத்தில் பிங்ஹாம்ட்டன் என்கிற ஊரில் ஆர்கன் வாத்தியங்கள் செய்யும் குடும்பத்துப் பிள்ளை எட்வின் லிங்க். வாத்தியத்துக்குக் காற்றடிக்கும் துருத்திகளையே வைத்து, தரையில் இருந்தபடி சாய்ந்து, குலுங்கி, திரும்பும் ஒரு பொய் விமானத்தை 1929-ல் செய்தார். முதலில் அதைப் பொழுதுபோக்குப் பூங்காக்கள்தான் வாங்கின - குழந்தைகள் ஏறி விளையாட! 1934-ல் அமெரிக்க ராணுவ விமானிகள் தபால் மூட்டைகளைச் சுமந்து மோசமான வானிலையில் பறந்து, வரிசையாக விபத்துகளில் செத்தார்கள். அப்புறம்தான் ராணுவம் ஓடி வந்து ஆறு 'லிங்க் டிரெய்னர்'களை வாங்கியது. விளையாட்டுச் சாமான், விமானிகளின் பள்ளிக்கூடமாயிற்று.

மருத்துவத்துக்கும் ஒரு பொம்மைக்காரர்தான் வழிகாட்டினார். நார்வே நாட்டில் பொம்மைகள் தயாரித்துக் கொண்டிருந்த ஆஸ்மண்ட் லெர்டால். தண்ணீரில் மூழ்கி மூச்சடங்கிப் போன தன் இரண்டு வயசு மகனைக் காப்பாற்றியவர். பீட்டர் சஃபார், பியான் லின்ட் என்கிற இரண்டு மயக்க மருந்து டாக்டர்கள், வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதும் முறையைப் பழகுவதற்கு ஒரு பொம்மை வேண்டும் என்றபோது, 'செய்கிறேன்' என்றார். 1960-ல் 'ரெஸஸி ஆன்' பிறந்தாள். அவளுடைய முகம், பாரீஸில் ஸேன் நதியில் மூழ்கிய பெயர் தெரியாத பெண்ணுடையது என்று சொல்லப்படும் ஒரு முகமூடியைப் பார்த்துச் செய்தது. உலகத்தில் அதிகம் பேர் முத்தமிட்ட முகம் அதுதான் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள்!

ஆனால், ஆன் பதில் பேச மாட்டாள். மருந்து கொடுத்தால் அவளுக்கு ஒன்றும் ஆகாது. பரீட்சை வைக்க அது போதாது.

* * *

1960-களின் நடுவில், தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் கல்வியியல் நிபுணர் ஸ்டீஃபன் ஆப்ரஹாம்ஸனும் மயக்க மருந்து நிபுணர் ஜட்ஸன் டென்ஸனும் சேர்ந்தார்கள். ராக்கெட் எஞ்சின் செய்யும் ஏரோஜெட் ஜெனரல் நிறுவனத்தின் உதவியோடு, 1967 வாக்கில் ஒரு அதிசயத்தைக் காட்டினார்கள். பெயர், 'சிம் ஒன்'. கம்ப்யூட்டரோடு இணைக்கப்பட்ட முழு மனித உருவம். மார்பு ஏறி இறங்கும். இதயம் துடிக்கும். கண் இமைக்கும். கண்மணி சுருங்கி விரியும். நரம்பில் ஏற்றும் நாலு மருந்துகளுக்கும், முகர வைக்கும் இரண்டு வாயுக்களுக்கும் ஏற்றபடி நடந்து கொள்ளும்!

அதில் பழகிய மாணவர்கள், மூச்சுக் குழாய் போடுவதில் மற்றவர்களைவிடச் சீக்கிரம் தேறினார்கள் என்று 1969-ல் ஆய்வுக் கட்டுரையும் வந்தது. உலகமே வாங்கியிருக்க வேண்டும் இல்லையா? வாங்கவில்லை. விலை அதிகம். 'நோயாளிகள்தான் நிறைய இருக்கிறார்களே, பொம்மைக்கு எதற்கு இவ்வளவு பணம்?' என்கிற மனோபாவம். சிம் ஒன் ஒன்றே ஒன்றுதான் செய்யப்பட்டது. அதுவும் காலப்போக்கில் காணாமல் போயிற்று.

உலகத்தை உலுக்க ஒரு எஞ்சினீயர் வர வேண்டியிருந்தது. ஈதர் தினம் கண்ட அதே மாஸசூஸெட்ஸ் ஜெனரல் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார் ஜெஃப்ரி கூப்பர். விமான விபத்துகளைத் துருவும் பாணியில், மயக்க மருந்து டாக்டர்களிடம் உட்கார்ந்து, 'எப்போதெல்லாம் தப்பு நடந்தது?' என்று பேச வைத்தார். தவிர்த்திருக்கக் கூடிய 359 சம்பவங்கள் சேர்ந்தன. 1978-ல் அவர் வெளியிட்ட கணக்கு: கருவி பழுதானதால் நடந்தவை 14 சதவிகிதம். மனிதத் தவறு சம்பந்தப்பட்டவை 82 சதவிகிதம்! குழாய் கழன்றதைக் கவனிக்கவில்லை, ஒரு மருந்துக்கு இன்னொரு மருந்தை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள்... இப்படி. எல்லாம் 'தெரிந்த' டாக்டர்கள் செய்தவை.

1982-ல் அமெரிக்கத் தொலைக்காட்சி ஒன்றும் மயக்க மருந்து ஆபத்துகளைப் பற்றி நிகழ்ச்சி போட, ஜனங்கள் பதறினார்கள். அந்தத் துறை டாக்டர்களிடம் ஒரு விஷயத்தைப் பாராட்டியாக வேண்டும். 'எங்களைக் கெடுக்கச் சதி' என்று கொடி பிடிக்கவில்லை. 1985-ல் நோயாளிகளின் பாதுகாப்புக்கென்றே ஒரு அறக்கட்டளையைத் துவக்கினார்கள். பொம்மை ஆராய்ச்சிக்கு அது பணம் கொடுத்தது.

* * *

அந்தப் பணத்தில் வேலை செய்தவர்களில் ஒருவர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் டேவிட் கேபா. அணு உலை விபத்து முதலியவற்றை அலசிய சார்லஸ் பெர்ரோவின் புத்தகத்தைப் படித்துவிட்டு, 'ஆபரேஷன் தியேட்டரும் இப்படித்தானே!' என்று யோசித்தவர். 1980-களின் இரண்டாம் பாதியில், நிஜமான தியேட்டரில், நிஜமான மானிட்டர்களோடு ஒரு பொம்மையைப் படுக்க வைத்தார். அதே காலத்தில் ஃப்ளாரிடாவில் மைக்கேல் குட், கிரேவன்ஸ்டீன் குழுவினர், ஆக்ஸிஜனை இழுத்துக் கரியமில வாயுவை வெளியே விடும் நுரையீரலோடு ஒரு பொம்மையைத் தயாரித்தார்கள்.

கேபா செய்த பரிசோதனைதான் நம் கதைக்கு முக்கியம். பயிற்சி டாக்டர்கள், பேராசிரியர்கள், வெளியே பிராக்டீஸ் செய்பவர்கள் எல்லோரையும் ஒவ்வொருவராகப் பொம்மைக்கு மயக்கம் கொடுக்க வைத்தார். நடுவில் திட்டமிட்ட தொல்லைகள்: மூச்சுக் குழாய் ஆழமாகப் போய் ஒரே நுரையீரலுக்கு மட்டும் காற்று போகும். டிரிப்ஸ் ட்யூப் அடைத்துக் கொள்ளும். இதயத் துடிப்பு தாறுமாறாகும். மூச்சு ட்யூப் கழன்று விழும். கடைசியில் இதயமே நிற்கும்.

அனுபவசாலிகள் பொதுவாக நன்றாகத்தான் செய்தார்கள். ஆனால் அதிர்ச்சி வேறு இடத்தில் காத்திருந்தது. கற்றுக்குட்டிகள் முதல் பழுத்த அனுபவசாலிகள் வரை, ஒவ்வொரு கோஷ்டியிலும் குறைந்தது ஒருவராவது ஏதாவது ஒரு சிக்கலைத் தீர்க்க ஏகப்பட்ட நேரம் எடுத்துக் கொண்டார், அல்லது கடைசி வரை தீர்க்கவே இல்லை! வருஷக் கணக்கும் பட்டமும் மட்டும் உத்தரவாதம் இல்லை என்று பொம்மை சொல்லிவிட்டது.

ஏன் தடுமாறுகிறார்கள்? இதற்கும் விமானத் துறையில்தான் விடை கிடைத்தது. 1977-ல் டெனரீஃப் தீவில் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தார்கள். கேப்டன் அனுபவத்தில் பெரிய ஆள். பக்கத்தில் இருந்த ஜூனியருக்குச் சந்தேகம் வந்தும், அழுத்திச் சொல்ல முடியவில்லை. அதன்பின், 'ஒருவரையொருவர் எப்படிக் கேட்பது, எப்படி எதிர்த்துச் சொல்வது' என்பதை விமானிகளுக்குப் பாடமாகவே வைத்தார்கள். 1990 வாக்கில் கேபா அந்தப் பாடத்தை ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டு வந்தார். 2003-ல் ஸ்காட்லாந்துக் குழு ஒன்று அதற்கு மார்க் ஷீட்டே தயாரித்தது. நாலு தலைப்புகள்: வேலையை ஒழுங்குபடுத்துவது, மற்றவர்களோடு சேர்ந்து செயல்படுவது, சுற்றி நடப்பதை உணர்வது, முடிவெடுப்பது. மருந்தின் பெயர் ஒன்றுகூட இல்லை பாருங்கள்!

அதே 2003-ல் இஸ்ரேல் துணிந்து ஒரு காரியம் செய்தது. மயக்க மருந்து நிபுணர்களுக்கான தேசியத் தேர்விலேயே பொம்மையை நுழைத்தது. விபத்துக் காயம், நின்ற இதயத்தை மீட்பது, ஆபரேஷன் நடுவே நெருக்கடி, உடம்பில் ஒரு பகுதியை மட்டும் மரத்துப் போகச் செய்வது, வென்டிலேட்டர் என ஐந்து நிலையங்கள். இதில் ஒரு நியாயமும் இருந்தது. நம் ஊர் மெடிக்கல் மாணவர்களைக் கேளுங்கள்... 'அவனுக்கு ஈஸி கேஸ், எனக்குக் கஷ்டமான கேஸ்' என்று புலம்புவார்கள். பொம்மை எல்லோருக்கும் ஒரே மாதிரி சாகக் கிடக்கும்!

* * *

'சரி ஸார், பொம்மையிடம் தோற்றால் என்ன, நிஜத்தில் சமாளிப்பார்களே' என்கிறீர்களா? 2005-ல் இங்கிலாந்தில் நடந்ததைக் கேளுங்கள்.

மார்ட்டின் ப்ரோமிலி என்கிற விமானியின் மனைவிக்கு சைனஸ் ஆபரேஷன். சாதாரண விஷயம். மயக்க மருந்து கொடுத்ததும் மூச்சுப் பாதை அடைத்துக் கொண்டது. குழாய் போட முயன்றார்கள். போகவில்லை. மறுபடி முயன்றார்கள். உள்ளே இருந்தவர்கள் அனுபவமுள்ள டாக்டர்கள். 'குழாயும் போகவில்லை, காற்றும் ஊத முடியவில்லை' என்றால் கழுத்தில் துளையிட்டு வழி செய்ய வேண்டும் என்பது அவர்கள் படித்த பாடம். ஒரு நர்ஸ், அதற்கான செட் தயார் என்று சொன்னதாக விசாரணையில் தெரிந்தது. யாருடைய காதிலும் ஏறவில்லை. குழாய்... குழாய்... என்று அதிலேயே மனசு சிக்கிக் கொண்டது. நேரம் போனதே தெரியவில்லை. அந்தப் பெண் மீண்டும் கண் விழிக்கவில்லை. சில நாட்களில் இறந்து போனார். இரண்டு சிறு குழந்தைகளின் தாய்.

கணவர், 'அந்த டாக்டர்களைத் தண்டியுங்கள்' என்று கேட்கவில்லை. 'என்ன நடந்தது என்று விசாரியுங்கள், மற்றவர்கள் கற்றுக் கொள்ளட்டும்' என்றார். விமானத் துறையில் அதுதானே வழக்கம்! 2007-ல் இதற்காகவே ஒரு அமைப்பைத் துவக்கினார். இன்று உலகமெங்கும் சிமுலேட்டர் வகுப்புகளில் இந்தக் கதையைப் பாடமாகச் சொல்கிறார்கள்.

அது ஒரு தனிப்பட்ட விபத்து என்று தள்ளிவிடவும் முடியவில்லை. அமெரிக்காவில் தகுதிச் சான்றிதழ் பெற்ற 263 மயக்க மருந்து நிபுணர்களைப் பொம்மையோடு விட்டுப் பார்த்து, 2017-ல் முடிவை வெளியிட்டார்கள். செய்தே ஆக வேண்டிய காரியங்கள் பல விட்டுப் போயிருந்தன. சுமார் நாலில் ஒருவருக்குக் குறைந்த மதிப்பெண். அடுத்த வருஷமே, 2018-ல், அமெரிக்கத் தேர்வு வாரியம் செய்முறைத் தேர்வைப் புகுத்தியது. அங்கே பொம்மைக்குப் பதில் பெரும்பாலும் நடிகர்கள். 'ஆபரேஷனில் இப்படி ஆகிவிட்டது' என்று சொந்தக்காரரிடம் எப்படிச் சொல்கிறார் என்பதற்கும் மார்க்!

* * *

பொம்மையைத் தலையில் தூக்கி வைத்து ஆடவும் வேண்டாம். பிளாஸ்டிக் தோல் நிஜ நோயாளியின் தோல் மாதிரி வெளுத்து, ஜில்லிட்டுப் போகாது. பரீட்சைக்கு வருபவர், 'ஏதோ நடக்கப் போகுது' என்று உஷாராகவே இருப்பார். நிஜத்தில், நூறு அலுப்பான காலைகளுக்குப் பிறகு, எதிர்பார்க்காதபோது வருவதுதான் ஆபத்து. ஒரு நெருக்கடியில் ஜொலித்தவர் இன்னொன்றில் சறுக்குவார். அதனால் ஒரே ஒரு காட்சியை வைத்து ஆளை எடை போடக் கூடாது, பல காட்சிகள் வேண்டும் என்று ஆராய்ச்சிகள் சொல்கின்றன. எந்த மருந்தைக் கொடுத்தார் என்பதில் நீதிபதிகள் சுலபமாக ஒத்துப் போகிறார்கள். எப்படித் தலைமை தாங்கினார் என்பதில் அவ்வளவு சுலபமாக இல்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. பொம்மையின் பெருமையே அதன் முன்னால் தைரியமாகத் தப்புச் செய்யலாம் என்பதுதான். காட்சி முடிந்ததும் வீடியோவைப் போட்டு, 'அந்த நிமிஷம் என்ன நினைச்சீங்க?' என்று வாத்தியார் நிதானமாகக் கேட்பார். நிஜமான படிப்பு அங்கேதான் நடக்கிறது. அதே அறையில் மார்க் போடுகிறவரும் வந்து உட்கார்ந்தால்? தப்பை ஒப்புக்கொள்ள யாருக்கு மனசு வரும்? கற்றுக் கொடுக்கும் பொம்மையும் தீர்ப்புச் சொல்லும் பொம்மையும் ஒரே ஆளாக இருப்பது கஷ்டம். இரண்டையும் தனித்தனியே வைத்துக் கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

ஆனாலும் யோசித்துப் பாருங்கள். ஹொரேஸ் வெல்ஸுக்கு பாஸ்டனில் ஒரு ஒத்திகை அறை கிடைத்திருந்தால்? பையை எடுக்கும் நேரத்தைப் பத்துத் தடவை தவறாகச் செய்து, பதினோராவது தடவை திருத்திக் கொண்டிருந்தால்? அவரைப் பார்த்துக் கேலி செய்ய அங்கே கூட்டம் இருந்திருக்காது. நகம் எடுக்கப் போன அந்த 15 வயசுப் பெண்ணின் முகம் வெளுத்தபோது, பக்கத்தில் இருந்தவர்கள் அந்தக் காட்சியை முன்பே ஒரு பொம்மையிடம் பார்த்திருந்தால்?

பொம்மை சாகும். சுவிட்சைத் தட்டினால் எழுந்து, அடுத்த டாக்டருக்காக மறுபடியும் படுத்துக் கொள்ளும். ஆயிரம் தடவை செத்தாலும் அதற்காக அழ ஒரு வீடு கிடையாது. ஆக, பழமொழியைத் தமிழய்யாவுக்கும் வருத்தமில்லாமல் இப்படித் திருத்திவிடலாம்: ஆயிரம் பொம்மையைக் கொன்றவன் முழு வைத்தியன்!

அடுத்த முறை ஆபரேஷனுக்கு முன்னால் ஒருவர் வந்து பல் ஆடுகிறதா என்று கேட்டால், பொறுமையாக, உண்மையைச் சொல்லுங்கள். சாப்பிட்ட இட்லியை மறைக்காதீர்கள். அப்படியே அவர் பெயரையும் கேட்டு வைத்துக் கொள்ளுங்கள்.